வடுப்பட்ட விழிக்கு ஒளி: வீட்டில் பேசவேண்டிய ஒரு பேச்சு

(சிட்னி, மெல்பேண் வாழ் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமான உரையின் எழுத்து வடிவம்)



கண்ணப்பரின் கதையைக் கேளாமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் மிகச் சிலரே. காளத்தி மலையிலே இறைவனின் திருவிழியிலிருந்து குருதி வழியக் கண்ட அந்த வேடர், முதலில் பச்சிலைகளைத் தேடிக் கொணர்ந்து பிழிந்தார். மருந்து பலிக்கவில்லை. பின்னரே தமது கண்ணை அம்பினால் அகழ்ந்து அப்பினார். காயம்பட்ட கண்ணுக்கு மருந்து உதவாதபோது இன்னொரு கண்ணே உதவும் என்னும் எண்ணம், தமிழர் நினைவில் இவ்வாறு பல நூற்றாண்டுகளாகவே இருந்து வருகிறது.

இன்று எவரும் உயிரோடிருக்கும்போது தம் கண்ணை அகழ்ந்து கொடுக்க வேண்டியதில்லை. ஒருவர் இறந்த பின்னர் அவரது கண்ணின் முகப்புப் படலத்தை எடுத்து, பார்வையிழந்த இன்னொருவருக்குப் பொருத்த மருத்துவத்தால் முடியும். அதற்கு வேண்டியது, துயரம் நிறைந்த ஒரு வேளையில் குடும்பத்தார் சொல்லும் "சம்மதம்" என்ற ஒரு சொல். அந்தச் சொல்லைப் பற்றியதே இவ்வுரை.

1905: சுண்ணாம்பு சுட்ட கண்கள்

விழிவெண்படல மாற்றுச் சத்திரசிகிச்சை மனிதரில் முதன்முதலாக வெற்றிபெற்றது 1905ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள். அன்று ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த, இன்று செக் குடியரசில் உள்ள ஒலொமோட்ஸ் நகரில் அது நிகழ்ந்தது. நோயாளர் அலோயிஸ் குளோகர் என்னும் 45 வயதுக் கூலித் தொழிலாளி. சுண்ணாம்பு பட்டு அவரது இரு கண்களும் வெந்து, விழியின் முகப்பு வெண்ணிறமாகிப் போயிருந்தது.

அதே காலத்தில் கார்ல் பிரௌவர் என்னும் 11 வயதுச் சிறுவன், கண்ணை உலோகத்துண்டு துளைத்த நிலையில் அங்கு கொண்டுவரப்பட்டான். அந்தக் கண்ணில் பார்வையை மீட்க வழியிருக்கவில்லை, கண்ணை அகற்றவேண்டியதாயிற்று. ஆயினும் அதன் முகப்புப் படலம் தெளிவாகவே இருந்தது. வைத்தியர் எடுவார்ட் சிர்ம் அப்படலத்தை எடுத்துக் குளோகரின் கண்களில் பொருத்தினார். ஒரு கண்ணில் ஒட்டு நிலைக்கவில்லை; மற்றக் கண்ணில் அது தெளிவாக நிலைத்தது. குளோகர் மீண்டும் வயலில் வேலை செய்யும் அளவுக்குப் பார்வை பெற்றார்.

முதலாவது பெறுநரும் காயத்தால் பார்வை இழந்தவர். முதலாவது கொடையாளியும் காயத்தால் கண்ணை இழந்த சிறுவன். ஒருவரது இழப்பிலிருந்து மற்றவரது பார்வை பிறந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் இச்சிகிச்சையின் அடிப்படை மாறவில்லை.

தெளிந்த படலம் எவ்வாறு வடுவாகிறது?

கண்ணின் முகப்பிலே கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல் வளைந்து நிற்பதே விழிவெண்படலம். அதன் குறுக்களவு ஏறத்தாழ 11 முதல் 12 மில்லிமீற்றர். நடுப்பகுதியின் தடிப்போ அரை மில்லிமீற்றருக்குச் சற்றே கூடியது. கண்ணுக்குள் புகும் ஒளியைக் குவிக்கும் பணியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இதுவே செய்கிறது. குருதிக்குழாய்கள் இதில் இல்லை; வேண்டிய ஒட்சிசனைக் கண்ணீரின் ஊடாகக் காற்றிலிருந்தே பெற்றுக்கொள்கிறது. இதன் நடுப்படையில் நுண்ணிய இழைகள் ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்டிருப்பதாலேயே ஒளி சிதறாமல் உட்செல்கிறது. உட்புறத்தில் ஒற்றை வரிசையாக அமைந்துள்ள கலங்கள் நீரை இடையறாது வெளியேற்றிப் படலம் வீங்காமல் காக்கின்றன. இக்கலங்கள் ஒருமுறை அழிந்தால் மனிதக் கண்ணில் தாமாக மீண்டும் பெருகுவதில்லை.

மேற்படையில் மட்டும் விழும் கீறல் சில நாட்களில் சுவடின்றி ஆறிவிடும். காயமோ கிருமியோ நடுப்படையைத் தொட்டுவிட்டால் இழைகளின் ஒழுங்கு குலைந்துவிடும். ஆறிய இடத்தில் வெண்ணிற வடு எஞ்சும். கண்மணிக்கு நேரே அந்த வடு விழுந்தால், உட்புறம் முழுவதும் நலமாக இருந்தும் மனிதர் பார்வையற்றவராகிறார். சன்னலின் கண்ணாடியில் சுண்ணாம்பு பூசியதுபோன்ற நிலை இது.

தாயகத்து உழவர்களுக்கு இது புதிதன்று. மதுரையில் 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் விழிவெண்படலப் புண்ணுடன் வந்த 434 நோயாளரை ஆராய்ந்தபோது, அவர்களுள் 284 பேருக்கு முன்னதாகக் கண்ணில் காயம் ஏற்பட்டிருந்தமை தெரியவந்தது. அறுவடையின்போது தெறிக்கும் ஓர் உமி, கண்ணில் அடிக்கும் ஒரு பயிர்த்தாள், காற்றில் பறக்கும் ஒரு தூசு ஆகியவை போதும். காயத்தின் வழியே பூஞ்சணம் உட்புகுந்துவிடும். போர் நிகழ்ந்த மண்ணிலோ நிலைமை இன்னும் கொடியது. 2009 மே மாதம்வரை நீடித்த போரில் எறிகணைச் சிதறல்களாலும் மிதிவெடிகளாலும் கண்ணில் காயம்பட்டோர் பலர். புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஊரிலிருந்து வரும் உதவிக் கோரிக்கைகளுள் கண்சிகிச்சையும் ஒன்றாக இருப்பது இயல்பே.

அவுஸ்திரேலிய வீடுகளிலும் ஆபத்து இல்லாமலில்லை. கண்காப்புக் கண்ணாடி அணியாமல் கிறைண்டர் பிடிப்பது, புல்வெட்டும் பொறியிலிருந்து கல் தெறிப்பது, சீமெந்துக் கலவை, அடைப்பு நீக்கும் காரத்திரவம், குழந்தையின் கைக்கெட்டும் சலவைத் திரவ உருண்டை என ஒவ்வொன்றும் கண்ணுக்குப் பகை. சுண்ணாம்பும் காரமும் அமிலத்தைக் காட்டிலும் ஆழமாக ஊடுருவக்கூடியவை. அவை கண்ணில் பட்டால், வைத்தியசாலைக்குப் புறப்படுவதற்கு முன்பே, இமைகளை விரித்துப் பிடித்து ஓடும் குழாய்நீரில் 20 நிமிடமாவது தொடர்ந்து கழுவவேண்டும். கூரிய பொருள் கண்ணில் குத்தி நின்றால் அதைப் பிடுங்கவும் கூடாது, கழுவவும் கூடாது. அழுத்தமின்றி மூடிக்கொண்டு விரையவேண்டும். எண்ணெய், தாய்ப்பால், இலைச்சாறு ஆகியவற்றை எக்காரணத்தாலும் விடலாகாது. சிட்னியில் மக்குவாரி வீதியிலுள்ள சிட்னி கண் வைத்தியசாலையும், மெல்பேணில் 1863ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ரோயல் விக்டோரியன் கண், காது வைத்தியசாலையும் இத்தகைய காயங்களைக் கவனிப்பதில் நீண்ட அனுபவம் கொண்டவை.

சத்திரசிகிச்சை: எதைச் செய்யும், எதைச் செய்யாது?

எல்லா வடுவுக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படுவதில்லை. வடு மெல்லியதாயின், மேற்பரப்பின் சீரின்மையைக் கடினமான கொண்டாக்ட் லென்ஸ் ஒன்றே ஈடுசெய்துவிடக்கூடும். வடு முன்படைகளோடு நின்று உட்புறக் கலங்கள் நலமாயிருந்தால், முன்படைகளை மட்டும் மாற்றலாம். முழுத் தடிப்பும் பாதிக்கப்பட்டிருப்பின், நடுவே ஏறத்தாழ 7 முதல் 8 மில்லிமீற்றர் அளவான வட்டத்தை வெட்டியகற்றி, கொடையாளியின் படலத்திலிருந்து எடுத்த வட்டத்தை அங்கே வைத்து, தலைமயிரைவிட மெல்லிய நைலோன் நூலால் தைக்கிறார்கள். தையல்கள் ஓராண்டுக்கு மேலும் கண்ணிலேயே இருக்கக்கூடும். பார்வை தெளிவதும் மெல்ல மெல்லவே.

படலத்தில் குருதிக்குழாய்கள் இல்லாமையால், உடல் அதை அந்நியப் பொருளென்று இனங்காணும் வாய்ப்புக் குறைவு. ஆகவே பொதுவாக இரத்தவகைப் பொருத்தமும் பார்க்கப்படுவதில்லை. ஆயினும் நிராகரிப்பு நிகழவே நிகழாது என்பதற்கில்லை. பல ஆண்டுகள் கழிந்தும் நிகழலாம். கண் சிவத்தல், ஒளியில் கூசுதல், பார்வை மங்குதல், வலி ஆகிய நான்கில் எது தோன்றினும் அன்றே வைத்தியரை நாடவேண்டும்.

அடிலெய்டிலுள்ள பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1985ஆம் ஆண்டு தொடங்கிய அவுஸ்திரேலிய விழிவெண்படல ஒட்டுப் பதிவேடு, நாடெங்கும் செய்யப்படும் இச்சிகிச்சைகளின் விளைவைப் பின்தொடர்ந்து வருகிறது. அது உணர்த்தும் பாடம் தெளிவானது. படலம் கூம்பிப்போகும் நோய்க்காகச் செய்யப்படும் ஒட்டுக்கள் மிக நீண்டகாலம் நிலைக்கின்றன. அழற்சியுற்று, குருதிக்குழாய்கள் படர்ந்த கண்களில் அவை எளிதில் தோற்றுப்போகின்றன. காயத்தால் வடுப்பட்ட பல கண்கள் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தவை.

காரத்தால் வெந்த கண்ணில் இன்னுமொரு சிக்கல் உண்டு. விழிவெண்படலத்தின் விளிம்பிலே, மேற்படையை ஆயுள் முழுவதும் புதுப்பிக்கும் குருத்துக் கலங்கள் உள்ளன. அவை அழிந்துவிட்டால் எத்தனை ஒட்டுப் போட்டாலும் நிலைக்காது. மற்றக் கண் நலமாயிருப்பின் அதன் விளிம்பிலிருந்து சிறு துணுக்கை எடுத்து நாட்டலாம். ஹைதராபாத்தில் வைத்தியர் விரேந்தர் சங்வானின் குழு 2012ஆம் ஆண்டு வெளியிட்ட எளிய முறை, ஆய்வுகூட வளர்ப்பு இன்றியே இதைச் செய்கிறது. இரு கண்களும் முற்றாகப் பழுதடைந்தோருக்கு, அவரது பல்லையே தாங்கியாகக் கொண்டு செயற்கை வில்லை பொருத்தும் முறை 1960களில் இத்தாலியில் உருவாயிற்று. சென்னை சங்கர நேத்ராலயாவில் 2003 முதல் அது செய்யப்பட்டு வருகிறது.

ஊரிலுள்ள உறவினருக்காகப் பணம் திரட்டுவோர் இதனால் மூன்று கேள்விகளை முதலில் கேட்கவேண்டும். அந்தக் கண் வெளிச்சத்தை உணர்கிறதா? விழித்திரையும் பார்வை நரம்பும் நலமாயுள்ளனவா என்று அல்ட்ராசவுண்ட் முதலிய சோதனைகள் செய்யப்பட்டனவா? சத்திரசிகிச்சைக்குப் பின்னர் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் துளிமருந்துக்கும் மீள்பரிசோதனைக்கும் வழியுண்டா? பின்புறம் அழிந்த கண்ணுக்குப் புதிய முகப்பு பயன்தராது. பராமரிப்புக்கு வழியில்லாத ஒட்டு, நம்பிக்கையை ஒருமுறை கொடுத்து மறுமுறை பறித்துவிடும்.

படலம் எங்கிருந்து வருகிறது?

உலகளாவிய ஆய்வொன்றின்படி, 2012ஆம் ஆண்டில் 116 நாடுகளில் ஏறத்தாழ 1,85,000 விழிவெண்படல மாற்றுச் சிகிச்சைகள் நடைபெற்றன. காத்திருந்தோர் தொகையோ ஏறத்தாழ 1 கோடியே 27 இலட்சம். அதாவது தேவைப்பட்ட 70 படலங்களுக்கு ஒன்றே கிடைத்தது. சத்திரசிகிச்சை தெரிந்த வைத்தியர் இருந்தும், தானம் இல்லாவிடில் அவரது கை வெறுங்கையே.

இத்துறையில் தமிழ்நாட்டிற்கு முன்னோடிப் பெருமை உண்டு. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. இந்தியாவின் முதலாவது கண்வங்கி அங்கேயே 1945ஆம் ஆண்டு வைத்தியர் ஆர். இ. எஸ். முத்தையா அவர்களால் நிறுவப்பட்டது. 1948ஆம் ஆண்டு இந்தியாவின் முதலாவது விழிவெண்படல மாற்றுச் சிகிச்சையையும் அவரே செய்தார்.

இலங்கையிலே ஹட்சன் சில்வா, 1958ஆம் ஆண்டு பத்திரிகைக் கட்டுரை ஒன்றின் மூலம் மக்களிடம் கண்களைத் தானமாகக் கேட்டார். 1960இல் அவரது தாயார் மறைந்தபோது அந்தத் தாயின் கண்களே தானமாயின. 1961இல் கண்தான சங்கம் உருவாயிற்று. 1964இல் சிங்கப்பூருக்குப் படலங்கள் அனுப்பப்பட்டன. பின்னர் உலகின் பல நாடுகளுக்கும் கண்களை வழங்கும் நாடாக அச்சிறு தீவு அறியப்பட்டது. செல்வத்தால் இது நிகழவில்லை. இறப்பு வீட்டில் கண்தானம் கொடுப்பது பல குடும்பங்களுக்கு வழக்கமாகிவிட்டதால் நிகழ்ந்தது. ஊரிடம் கேட்பதற்கும் வீட்டில் கொடுப்பதற்கும் இடையிலே அவர் வேறுபாடு காட்டவில்லை என்பது எச்சமூகமும் எண்ணிப்பார்க்கத் தக்கது.

அவுஸ்திரேலியாவில் நடைமுறை

அவுஸ்திரேலியாவில் ஒருவர் விருப்பம் தெரிவிக்காமலே அவரைக் கொடையாளியாகக் கொள்ளும் சட்டம் இல்லை. 16 வயது நிரம்பியோர் தேசிய உறுப்புத் தானப் பதிவேட்டில் இணையவழி சில நிமிடங்களில் பதிவு செய்யலாம். விக்டோரியாவில் 1991ஆம் ஆண்டு தொடங்கிய லயன்ஸ் கண்தானச் சேவையும், நியூ சவுத் வேல்ஸில் அம்மாநிலத் திசு வங்கியும் படலங்களைப் பெற்றுச் சோதித்துச் சத்திரசிகிச்சைக்கு வழங்குகின்றன.

இதயம், சிறுநீரகம் போன்ற உறுப்புக்களைத் தானம் செய்வதற்கு வைத்தியசாலையில், குறிப்பிட்ட சூழலில் இறப்பு நிகழவேண்டும். அத்தகைய வாய்ப்பு வைத்தியசாலையில் இறப்போருள் ஏறத்தாழ நூற்றுக்கு இருவருக்கே கிட்டுகிறது. கண்தானமோ இறந்து சில மணிநேரம் கழிந்த பின்னரும் இயலும். கண்ணாடி அணிந்தவரும், கண்புரைச் சத்திரசிகிச்சை செய்தவரும், முதியவர் பலரும் கொடுக்கலாம். தகுதியை முடிவு செய்வது மருத்துவர் பணி. குடும்பத்தார் தாமாகவே "அப்பாவுக்கு வயது போய்விட்டது, எடுக்கமாட்டார்கள்" என்று ஒதுக்கவேண்டியதில்லை.

தமிழ் வீடுகளில் எழும் அச்சங்களும் விடைகாணத் தக்கவையே. முகம் விகாரப்படாது, இமைகள் மூடியபடியே இருக்கும், இறுதிப் பார்வைக்கு வைப்பதில் தடையில்லை. குடும்பத்துக்குச் செலவில்லை. இந்நாட்டில் ஈமக்கிரியைகள் பெரும்பாலும் சில நாட்கள் கழித்தே நடைபெறுவதால் அவையும் தாமதமாகா. கண்ணைக் கொடுத்தால் மறுபிறவியில் குருடாய்ப் பிறக்க நேரிடும் என்று அஞ்சுவோருக்குக் கண்ணப்பரின் வரலாறே மறுமொழி: கண்ணைக் கொடுத்தவருக்கு இறைவன் தந்தது தன் வலப்பக்கத்து இடம்.

அந்தத் தொலைபேசி அழைப்பு

இனி இவ்வுரையின் மையத்துக்கு வருவோம். பதிவேட்டில் பெயர் இருந்தாலும் குடும்பத்தாரின் இணக்கம் கேட்கப்படுகிறது. ஒருவர் இறந்த சில மணிநேரத்துள் தானச்சேவை அலுவலர் வீட்டாருடன் பேசுவார். இறந்தவரின் நோய்கள், மருந்துகள், வாழ்க்கைமுறை பற்றியும் வினவுவார்.

அந்த அழைப்பைப் பல தமிழ் வீடுகளில் யார் எடுக்க நேரிடும்? ஆங்கிலம் தடையின்றிப் பேசக்கூடிய மகன் அல்லது மகள். ஒருபுறம் அழுதுகொண்டிருக்கும் அம்மா, மறுபுறம் கொழும்பிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஓயாத அழைப்புக்கள், நடுவே இருபது வயதுப் பிள்ளை. "உங்கள் அப்பாவின் விருப்பம் என்ன?" என்று மறுமுனையில் கேட்பார்கள். அப்பா அதைப்பற்றி ஒருநாளும் வாய்திறந்ததில்லை. தெரியாதபோது "வேண்டாம்" என்பதே எவருக்கும் எளிய விடை. பிள்ளையின் மனத்தில் இரக்கம் இல்லாமையால் அன்று. தன் பொறுப்பில் ஒரு முடிவை எடுக்க அஞ்சுவதால்.

இதற்குச் சான்றும் உண்டு. உறுப்புத் தானத்தில், இறந்தவர் பதிவு செய்திருந்தால் பத்தில் எட்டுக் குடும்பங்கள் இணங்குகின்றன என்றும், பதிவும் இன்றி விருப்பமும் தெரியாதிருந்தால் பத்தில் நான்கே இணங்குகின்றன என்றும் அவுஸ்திரேலிய தேசிய தானச்சேவை தெரிவித்துள்ளது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, முன்கூட்டியே தெரியப்படுத்திய ஒரு விருப்பமே.

தமிழ் வீடுகளில் சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம். "வாயைக் கழுவு" என்று பாட்டி அதட்டுவார். ஆயினும் அதே வீடுகளில் ஆயுட்காப்புறுதி எடுக்கிறார்கள், உயில் எழுதுகிறார்கள், வீட்டுக்கடன் தீருமுன் தமக்கு ஏதும் நேர்ந்தால் என்ன செய்வதென்று கணக்குப் பார்க்கிறார்கள். அந்தப் பட்டியலில் இன்னொரு வரியைச் சேர்ப்பது தீய சகுனம் ஆகாது. பெற்றோர் பேசாவிடில் பிள்ளைகள் தொடங்கலாம். "அப்பா, நான் பதிவு செய்துவிட்டேன். உங்கள் விருப்பம் என்ன?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்குப் பின்னர் கேட்கலாம். விடை "ஆம்" ஆகவும் இருக்கலாம், "இல்லை" ஆகவும் இருக்கலாம். இரண்டுமே மதிக்கத்தக்கவை. விடை தெரியாதிருப்பதுதான் பிள்ளைக்குப் பாரம்.

கொடையாளியின் பெயர் பெறுநருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. எங்கோ ஒரு நகரத்துத் தச்சருக்கோ, டண்டினோங்கில் வாழும் ஆப்கானியத் தாய்க்கோ, எவருக்கோ அந்தப் படலம் போய்ச்சேரலாம். அதற்கு மொழியும் இனமும் தெரியாது. ஒருநாள் காலையில் கண்கட்டை அவிழ்க்கும்போது அந்த மனிதர் காணும் முதல் வெளிச்சம், எங்கோ ஒரு தமிழ் வீட்டின் உணவுமேசையில் நடந்த ஐந்து நிமிடப் பேச்சின் பயனாக இருக்கக்கூடும்.

அந்தப் பேச்சு இந்த வாரமே நிகழட்டும்.